டவர் கருப்பராயன்

பால் குளிரூட்டும் நிலையத்தின் மோட்டாரை நிறுத்திவிட்டு மேலாளர் ஆனந்தகுமார் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். "இந்த ரேட்டுக்குக் கரண்ட் வாங்கி ஓட்டறதுக்கு, பாலைச் சாக்கடைல ஊத்தறதே மேலுங்க அக்கா."

எருத்தேன்பதி விவசாயிகள் கூடிக் கட்டிய நிலையம் அது. கமலாத்தாள் தலைவி. யாரிடம் வேண்டுமானாலும் கரண்ட் வாங்கலாம் என்று சட்டம் சொல்லிவிட்டது. மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் காற்றாலைக்காரர்கள் பாதி விலைக்குத் தரக் காத்திருந்தார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டுமே! இங்கே பூசாரி, எல்லை தாண்டிக் கரண்ட் கொண்டுவரும் பழைய ஒற்றை லைன். வெயில் ஏறியதும் அது நிரம்பிவிடும், மேற்கொண்டு கரண்ட் தாங்காது. அதற்குப் பிறகு இந்தப் பக்கம் விற்க ஒரே ஒருத்தன்தான், அவன் வைத்ததுதான் விலை. போட்டியாவது மண்ணாங்கட்டியாவது!

"புது லைன் வந்தாத்தான் தப்பிப்போம். இல்லீனா இந்த மாசத்தோட மூடிக்கலாமுங்க."

அது கமலாத்தாளுக்கும் தெரியும். புது லைன் வந்திருக்கவேண்டியதுதான். சில வருடங்களுக்கு முன்பு அவள் தென்னந்தோப்பில் அந்த லைனின் டவருக்கு அடையாளக் குச்சி நட்டுப் போனார்கள். கம்பிக்குக் கீழே தென்னை நிற்கக்கூடாதாம். பெற்ற பிள்ளைபோல் வளர்த்த மரங்களை வெட்டக் கொடுப்பாளா? குச்சியைப் பிடுங்கி, வாய்க்கால் கல்லை நட்டு, மஞ்சள் பூசி, கருப்பராயன் கனவில் வந்து இடம் கேட்டதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். சாமி இருக்கும் இடத்தில் எந்த அதிகாரி குழி தோண்டுவான்? வந்தவர்கள் வந்த வழியே போனார்கள்.

இப்போது அவளே கடப்பாரையோடு தோப்புக்கு ஓடினாள். நிலையத்துக்குப் பால் ஊற்றும் சுப்பாத்தாள் அங்கே பொங்கல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்கக்கா, கடப்பாரை எதுக்குங்க?"

"இது சாமியில்ல சுப்பாத்தா. டவர் வரக்கூடாதுன்னு நானே நட்ட கல்லு. இதை எடுத்தாத்தான் லைன் வரும். இல்லீனா உன்ற பாலை வாங்க ஆளில்ல."

சுப்பாத்தாள் கோபப்படவில்லை. "நட்டது நீங்களாவே இருக்கட்டுமுங்க. படுத்த படுக்கையாக் கெடந்த எம்பையன் எந்திரிச்சு நடந்தானே, அது ஆரு பண்ணுனதுங்க?"

கமலாத்தாள் கடப்பாரையைக் கல்லடியில் கொடுத்தாள். மகள் நர்மதா பிரசவத்தில் உயிருக்குப் போராடியபோது அவளே ஓடிவந்து விழுந்தது இந்தக் கல்லின் முன்னால்தான். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். கடப்பாரை நழுவி விழுந்தது.

அவள் மண்ணில் உட்கார்ந்து கைகூப்பி அழுதாள். "என்னால உங்களை எடுக்க முடியலீங்க சாமி. நீங்களாவே எந்திரிச்சுப் போயிருங்க."