மூன்று மடங்கு பஞ்சு

காலையிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தான், எழுந்தான், ஜன்னலை எட்டிப் பார்த்தான், மறுபடி உட்கார்ந்தான்.

"கால்ல சக்கரமாடா கட்டியிருக்கு? உன்னைப் பார்த்தா எனக்குத் தலை சுத்துது" என்றாள் அக்கா.

அவன் எப்படி உட்காருவான்? இந்த மாடிக்குப் பஞ்சு விரித்தவனே அவன்தான். தெரிந்தவர்கள் எல்லாம் அவனைப் 'பஞ்சு' என்றுதான் கூப்பிடுவார்கள். தகரக் கூரைக்கும் உள்கூரைப் பலகைக்கும் நடுவே தவழ்ந்து போய், கண்ணாடிப் பஞ்சை ஒரு சாண் கனத்துக்கு விரிக்கிற வேலை. சரியாக விரித்தால் வெயில் மேலேயே நின்றுவிடும், ஏசியும் நடுநடுவே ஓய்வெடுக்கும். மேல்மாடியில் ஆறு வீடுகள். நான்கில் ஏசி அப்படித்தான் ஓடுகிறது. அக்கா வீட்டிலும், தனியாக இருக்கும் பக்கத்து வீட்டு டீச்சரம்மா வீட்டிலும் மட்டும் மூச்சு விடாமல் கத்துகிறது. இந்த இரண்டு வீடும் மின்சாரத்தைக் குடிக்கின்றன என்று கட்டட முதலாளி புகார் கொடுத்து, இன்று சோதனை செய்கிற அம்மா வெப்பக் கேமராவோடு வருகிறார்.

டீச்சரம்மா வீட்டு விஷயம் அவனுக்குத் தெரியும். அதுதான் அவனை உட்காரவிடவில்லை. அக்கா குடிவரப் போகிறாள் என்றதும் பாசம் கண்ணை மறைத்துவிட்டது. டீச்சரம்மா வீட்டுப் பஞ்சில் முக்கால்வாசியை உருவி, கையில் மிஞ்சியிருந்த சரக்கையும் சேர்த்து, அக்கா தலைக்கு மேலே மூன்று அடுக்காக முழங்காலால் அமுக்கித் திணித்துவிட்டான், பாவி. பக்கத்தில் நாலு விரல் கனம்கூட மிச்சமில்லை. தெரிந்தால் வேலை போகும். அது கிடக்கட்டும், அக்கா முகத்தில் எப்படி முழிப்பது? அவ்வளவு திணித்தும் அக்கா வீடு ஏன் இப்படிக் கொதிக்கிறது என்பதுதான் அவனுக்கு விளங்கவே இல்லை.

சோதனை அம்மா பக்கத்து வீட்டை முடித்துக்கொண்டு உள்ளே வந்தார். கேமராவைக் கூரைக்கு நேராகப் பிடித்தார். ஏற்கெனவே எடுத்த படங்களில் மற்ற வீடுகள் நீலம். பக்கத்து வீடு செக்கச் செவேல். இங்கே எங்கும் மஞ்சள். ஏணி வைத்து ஏறி, பலகையைத் தூக்கிப் பார்த்தவர் உச்சுக் கொட்டினார்.

"யாருங்க இப்படித் திணிச்சது? பஞ்சுக்குள்ள காத்து நிக்கணும், அதுதான் சூட்டைத் தடுக்கும். அமுக்கினா மூணு மடங்கு போட்டும் பிரயோஜனமில்ல. தகரத்துக்கு அடியில காத்து ஓடுற இடைவெளியையும் அடைச்சு வச்சிருக்காங்க."

அக்காவுக்குச் சுருக்கென்றது. "சரக்குதாங்க மட்டமா இருக்கும். என் தம்பி பார்த்துப் பார்த்து விரிச்சது. அவன் கை தப்பு பண்ணாது."

சோதனை அம்மா பேனாவை எடுத்தார். "அப்ப சரக்கு மேலதான் எழுதணுமா?"

வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் தப்பியிருப்பான். அக்கா அவனைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைதான் அவனைப் பிடுங்கித் தின்றது.

"சரக்கு மேல தப்பில்ல மேடம். பக்கத்து வீட்டுப் பஞ்சை உருவி நான்தான் இங்க திணிச்சேன். அக்கா, உனக்காகத்தான்..."

அக்கா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"போன மாசம் டீச்சரம்மா வெக்கை தாங்காம மயங்கி விழுந்தாங்களே" என்றாள் மெதுவாக. "நான்தானேடா தண்ணி தெளிச்சு எழுப்பினேன். வயசாயிடுச்சு, உடம்புல தெம்பில்லைன்னு அவங்க தன்னையே நொந்துக்கிட்டாங்க. நீ பக்கத்துலதானே நின்னே?"

அவன் தலையைத் தொங்கப் போட்டான். ஆமாம், நின்றான். விசிறிகூட விட்டான்.

"போ. போய் நீயே சொல்லு. நான் கூட வரமாட்டேன்."

பத்தடி தூரம்தான். தகரத்துக்கு அடியில் உச்சிவெயிலில் தவழ்ந்து பழகியவனுக்கே அந்தப் பத்தடிக்குள் சட்டை நனைந்துவிட்டது. கதவைத் தட்டினான். ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டபடி டீச்சரம்மா திறந்தார். அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நீங்களா தம்பி! வாங்க வாங்க" என்று வீட்டிலிருந்த ஒரே மின்விசிறியை அவன் பக்கம் திருப்பி வைத்தார். "ஏசி ஓடியும் வீடு கொஞ்சம் வெக்கையா இருக்கும், தப்பா நினைச்சுக்காதீங்க."