டேங்க் மூடி

மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தபோது அவர் ஒரு வேனின் டேஷ்போர்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

"மாமா, கார்ல அந்த மஞ்ச லைட்டு திரும்ப எரியுது. ஞாயித்துக்கிழமை வர முடியுமா?"

"பாக்கறேன்," என்றார். அதற்குள் ஞாயிற்றுக்கிழமைக்கான சட்டையை மனதுக்குள் எடுத்து இஸ்திரி போட்டுவிட்டார்.

எட்டு மாதத்தில் இது ஐந்தாவது முறை.

வொர்க்‌ஷாப்பில் அவர் எலக்ட்ரீஷியன். ஒரே மகள் தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டாள். பையன் மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தன்னைக் கேட்கவில்லை என்பதுதான் குறை. கல்யாணத்தன்று அவர் வொர்க்‌ஷாப்பைத் திறந்து, அவசரமில்லாத ஒரு வயரிங் வேலையை அவசரமாகச் செய்தார். அந்த ஒரு நாள் வீம்பு மூன்று வருடம் நீண்டது. நடுவில் நின்று பேச அவள் அம்மாவும் இல்லை.

மூன்றாம் வருடம் மாப்பிள்ளைதான் கூப்பிட்டார். "யார்கிட்டயோ எதுக்கு மாமா விடணும், நம்ம வீட்டு ஆளு இருக்கும்போது?" அந்த வாரம் முழுக்க 'நம்ம வீட்டு ஆளு' அவர் காதிலேயே இருந்தது.

முதல் நாள் ஸ்டீயரிங்குக்கு அடியில் இருந்த சாக்கெட்டில் தன் ஸ்கேனரை மாட்டினார். டேங்கிலிருந்து பெட்ரோல் ஆவி கசிகிறது என்று கோளாறு எண், அதாவது கோட், வந்தது. டேங்க் மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே ரப்பர் வளையம் வெடித்திருந்தது. கோளாறு அவ்வளவுதான். சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கலாம்.

ஆனால் ஸ்கேனரை வைத்துப் பார்க்கும் வேலைக்கு இரண்டு பேர் இருந்தால் நல்லது. ஒருவர் சாவியோடு சீட்டில் உட்கார வேண்டும். மற்றவர் திரையைப் பார்க்க வேண்டும். அன்று மாப்பிள்ளைக்கு வேலை. மகள் வந்து உட்கார்ந்தாள்.

"ஸ்டார்ட் பண்ணு."

பண்ணினாள்.

"கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் மிதி. போதும். விடு."

விட்டாள்.

மூன்று வருடத்தில் அவர் சொல்லி அவள் கேட்டது அன்றுதான். அவர் மூடியைப் பற்றி வாயே திறக்கவில்லை. இன்னும் இரண்டு முறை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். பிறகு அந்தக் கோளாறு எண்ணை ஸ்கேனரில் அழித்தார். விளக்கு அணைந்தது. "சென்சார்ல தூசி. தொடச்சிருக்கேன்," என்றார். சில வாரத்தில் திரும்ப எரியும் என்று அவருக்குத் தெரியும்.

மறுநாள் மனசு கேட்காமல் புது மூடி ஒன்று வாங்கிப் பைக்குள் போட்டார். அடுத்த மூன்று முறையும் அது அவரோடு போனது, அவரோடு திரும்பி வந்தது. பெட்ரோல் சொட்டியிருந்தால் முதல் நாளே மாற்றியிருப்பேன் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மகள் ஒரு முறையும் அவரை நேரே பார்த்துப் பேசவில்லை. "வந்தாச்சா," என்பாள். "காபி போடவா," என்று கதவைப் பார்த்துக் கேட்பாள். அவருக்கு அது போதும் போலவும் இருந்தது, போதாதது போலவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை கேட்டிலேயே நின்றிருந்தார். முகமெல்லாம் பல்.

"மாமா, இதப் பாருங்க."

உள்ளங்கையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறுப்புப் பிளக். சாக்கெட்டில் மாட்டினால் போனிலேயே எல்லாம் வந்துவிடும்.

"ஒவ்வொரு தடவையும் உங்கள ரெண்டு பஸ் மாத்தி அலைய விட எனக்கே கூச்சமா இருக்கு. இனிமே நானே பாத்துக்குவேன்."

"நல்லது மாப்ள," என்றார். தோளிலிருந்த பையைக் கீழே இறக்கினார்.

மகள் வந்தாள். "வந்தாச்சா," என்றபடி சீட்டில் உட்கார்ந்து வண்டியை ஸ்டார்ட் செய்தாள். அவர் சொல்வதற்கு முன்பே செய்துவிட்டாள்.

மாப்பிள்ளைக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எந்தக் காகிதத்தையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். போனை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு படித்தார்.

"பேட்டரி பதிமூணு புள்ளி எட்டு. நார்மல். தண்ணி சூடு எண்பத்தெட்டு. நார்மல்."

"சக்கர எவ்ளோ?" என்றாள் மகள்.

"வெறும் வயித்துலயா, சாப்பிட்டப்புறமா?"

அவள் சிரித்தாள். அவரும் குனிந்துகொண்டு சிரித்தார். யாரும் பார்க்கவில்லை.

"கோட் அதே கோட்தான் மாமா. டேங்க் ஆவி. அப்புறம் என்னமோ போட்டிருக்கே. கோட் அழிச்சதுக்கப்புறம் ஓடின தூரம், எழுநூத்திப் பன்னெண்டு கிலோமீட்டர். இதையெல்லாம் கூடவா எழுதி வச்சிருக்கும்?"

"வச்சிருக்கும்."

"அழிச்சதுன்னா, போன தடவ நீங்க சென்சார் தொடச்சீங்களே, அப்ப."

"ம்."

"காரணம்னு ஒரு லிஸ்ட் இருக்கு. மொதல் காரணமே டேங்க் மூடி. சரியா மூடாம இருக்கலாம், இல்ல ரப்பர் வெடிச்சிருக்கலாம்." மாப்பிள்ளை தலையாட்டிச் சிரித்தார். "எனக்குச் சொல்லுது. நீங்க இதப் பாக்காமயா இருந்திருப்பீங்க."

அப்போது மாப்பிள்ளையின் போன் அடித்தது. வேலை இடத்திலிருந்து. "ரெண்டு நிமிஷம் மாமா," என்று உள்ளே போனார்.

மகள் என்ஜினை அணைத்தாள். சீட்டை விட்டு இறங்கவில்லை. பக்கத்துக் கண்ணாடியில் அவரைப் பார்த்தாள்.

"மூடியப் பாத்தாச்சா?"

பதில் அவர் நுனி நாக்கிலேயே இருந்தது. மூடி நன்றாக இருக்கிறது, அடியில் குழாயைப் பார்க்க வேண்டும், வால்வைக் கழற்ற வேண்டும் என்று சொல்லலாம். ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினால் நான்கு ஞாயிற்றுக்கிழமை வரும். அவள் நம்பினாலும் நம்புவாள். கண்ணாடிக்குள் அவள் கண் அசையாமல் இருந்தது.

குனிந்து பையைத் திறந்தார். மூடி அடியில் கிடந்தது. எட்டு மாதம் ஸ்பேனர்களோடு உருண்டதில் கவர் மேலிருந்த எழுத்தெல்லாம் தேய்ந்துவிட்டது. ஒரு மூலை கிழிந்திருந்தது.

அவள் இறங்கி வந்து அதைக் கையில் வாங்கினாள்.

"புதுசா இது?"

"புதுசுதான்."

"எப்ப வாங்கினது?"

அவர் கைத் துணியால் விரலைத் துடைத்தார். விரலில் ஒன்றும் இல்லை.

"மொதல்ல ஒரு நாள் வந்துட்டுப் போனேன்ல. அதுக்கு மறுநாள்."

அவள் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப அதுக்கப்புறம் வந்த மூணு தடவையும் சும்மாதான்."

"சும்மா இல்ல," என்றார்.

தெருவில் ஒரு சைக்கிள் போனது. அது திரும்பும் வரை அவள் அதையே பார்த்தாள்.

"என் கல்யாணத்துக்கு எந்த லைட்டு எரிஞ்சிருந்தா வந்திருப்பீங்கன்னு தெரியல."

எட்டு மாதத்தில் அவர் முகத்துக்கு நேரே அவள் சொன்ன முதல் வார்த்தை அது. அவர் நிமிர்ந்து அதை வாங்கிக்கொண்டார்.

"மாட்டுங்க," என்று மூடியைத் திருப்பிக் கொடுத்தாள். "அவர் வந்துடுவாரு."

பழைய மூடியைத் திருகி எடுத்தார். பெட்ரோல் வாசனை ஒரு கணம் எழுந்து அடங்கியது. புதியதை வைத்துத் திருகினார். டிக், டிக், டிக் என்று மூன்று முறை சத்தம் வந்து நின்றது. ஒரு நிமிட வேலை.

மாப்பிள்ளை வெளியே வந்தார். "என்ன மாமா, கண்டுபிடிச்சாச்சா?"

அவர் வாயைத் திறந்தார். மகள் முந்திக்கொண்டாள்.

"மூடிதானாம். வாங்கி வச்சிட்டு மாட்ட மறந்துட்டாராம்."

"மாமாவுக்கே மறதியா? சரிதான், வந்து ரத்தம் குடுங்க, டெஸ்ட் பண்ணிடலாம்." மாப்பிள்ளை போனில் ஒரு பொத்தானைத் தொட்டார். மஞ்சள் விளக்கு அணைந்தது. "முடிஞ்சுது. இனிமே இந்தத் தொல்லை உங்களுக்கு இல்ல."

காபி வந்தது. குடித்தார். டம்ளர் காலியான பிறகும் கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கேட் வரை மகள் வந்தாள். இதுவரை அப்படி வந்ததில்லை. பழைய மூடி அவர் கையிலேயே இருந்தது. கேட்டை ஒட்டித் தகர மூடி போட்ட குப்பைத் தொட்டி. அவர் அதன் பக்கம் திரும்பினார்.

"குடுங்க," என்றாள். "நான் போட்டுடறேன்."

கொடுத்தார். தெருவில் இறங்கி நடந்தார். பத்தடி போய், செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்தார். கேட் தாழ்ப்பாள் விழுந்தது. செருப்புச் சத்தம் வீட்டுக்குள் போனது. தொட்டியின் தகர மூடி சத்தமே போடவில்லை.

மறந்திருப்பாள். இல்லை, அப்புறம் போடலாம் என்று எங்காவது வைத்திருப்பாள். பஸ் ஸ்டாப் வரை இதைத்தான் சொல்லிக்கொண்டு போனார்.

அந்தப் பழைய மூடியை யாராவது திரும்ப மாட்டினாலும் விளக்கு உடனே எரியாது. கசிவு தெரிய வேண்டுமென்றால் டேங்க் நிறைந்தும் இருக்கக்கூடாது, காய்ந்தும் இருக்கக்கூடாது. என்ஜின் ஆறிக் கிடந்து கிளம்ப வேண்டும். வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் ஒரு முறை கசிவைப் பார்த்தால் நம்பாது. இன்னொரு பயணத்திலும் பார்க்க வேண்டும். எப்படிக் கணக்குப் போட்டாலும் இரண்டு வாரம், மூன்று வாரம்.

பஸ் வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு போனை எடுத்து, மணிச் சத்தத்தைக் கடைசி வரை கூட்டி வைத்தார்.