மேனேஜர் வீட்டுக்குப் போன தாம்பாளம்

துறைமுகத்தில் கூலிக்குச் சேருகிறவன் முதலில் மேஸ்திரி வீட்டுக்குத் தாம்பாளம் கொண்டுபோக வேண்டும். வெற்றிலை, பாக்கு, பழம், முடிந்தால் ஒரு சேவல். தோளில் கிடக்கிற துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "வேற நாதியில்ல, எந்த வேல குடுத்தாலும் செய்யறேன்" என்று சொல்ல வேண்டும். சொன்னால் மேஸ்திரி மனசு இளகும். சொல்லாதவன் கேட்டுக்கு வெளியே வெயிலில் காய வேண்டியதுதான். ராயபுரம் சுப்பராயன் அப்படித்தான் சேர்ந்தான்; மூட்டை தூக்கியே தலை நரைத்தான். உலகத்தில் எந்த வேலையும் இப்படித்தான் கிடைக்கும் என்று நினைத்திருந்தான். வேறு மாதிரி கிடைத்து அவன் பார்த்ததில்லை.

அவன் ஒரே மகன் ஜெயவேல். யுத்தத்தில் விமானப்படைக்கு மெக்கானிக்காகப் போய், யுத்தம் முடிந்ததும் சர்க்கார் செலவில் அலகாபாத்தில் விமானம் ஓட்டப் படித்து லைசென்சோடு வந்து நின்றான். லைசென்சை வைத்துக்கொண்டு வேலையில்லாமல் சுற்றின பிள்ளைகள் அப்போது ஏராளம். இவனுக்கோ இரண்டு இடம் வந்தது.

ஒன்று கல்கத்தா. நாடு பிரிந்ததில் அஸ்ஸாமுக்கு ரயில் பாதை அறுந்துபோய், அரிசியும் உப்பும் ஆகாயத்தில் போய்க்கொண்டிருந்த சமயம். மலையும் மேகமும் மோசம்தான். ஆனால் போன நாள் முதல் துணை பைலட். தினமும் பறக்கலாம், சீக்கிரம் கேப்டன் ஆகலாம். இன்னொன்று மெட்ராஸிலேயே ஒரு சின்னக் கம்பெனி. மீனம்பாக்கத்திலிருந்து திருச்சிக்கும் பெங்களூருக்கும் ஆள் ஏற்றிப் போகிற வேலை.

"இங்கயும் பைலட்டு சீட்டு தரேன்னுதான் மேனேஜர் சொல்றாரு" என்றான் ஜெயவேல். "கல்கத்தாக்காரன் மாசக் கடைசி வரைக்கும் டயம் குடுத்துகிறான். அத்தக் காட்டித்தான் இவர அமுக்கிகினு கீறேன்."

"கல்கத்தாவும் வேணாம், கத்திரிக்காவும் வேணாம்" என்றாள் அவன் அம்மா கெங்கம்மா. "மலைல முட்டிக்கினா யாரு போய்ப் பொறுக்கியாறது?"

அமுக்குவது என்ற பேச்சே சுப்பராயனுக்குப் பிடிக்கவில்லை. வேலை கொடுக்கிறவனை அமுக்கினவன் உருப்பட்டதுண்டா? மறுநாள் கப்பலடியில் மேஸ்திரி கருணாகரனிடம் மகன் விஷயத்தைச் சொன்னான்.

மேஸ்திரி பல் குத்திக்கொண்டே கேட்டார். "தட்டு வெச்சியா?"

"இல்லீங்க."

"அட மடையா! ஏரோப்ளேனு இன்னா ஆகாசத்துலயா காய்க்குது? அங்கயும் ஒரு மேஸ்திரி கீறான், அவன் பேரு மேனேஜர். போய்க் கால்ல வுழு."

மேனேஜர் வீடு கீழ்ப்பாக்கத்தில் இருந்தது. சைவமோ அசைவமோ தெரியாததால் சேவலை விட்டுவிட்டுப் பழமும் தேங்காயுமாகப் போனான். மகனிடம் சொல்லவில்லை. துண்டு தானாகவே இடுப்புக்கு இறங்கியது. வாயும் பழகின வாய்.

"சாமி, ஜெயவேலு அப்பன். எங்களுக்கு வேற நாதியில்ல. கல்கத்தா அது இதுன்னு சொல்லுவான், காதுல போட்டுக்காதீங்க. நாங்க அவன அனுப்பவே மாட்டோம். எந்த வேல குடுத்தாலும் செய்வான். மூட்ட ஏத்தச் சொன்னாக்கூட ஏத்துவான்."

மேனேஜர் சிரித்தார். "அப்படியா? கல்கத்தாவுக்கு அனுப்ப மாட்டீங்களா?"

"சத்தியமா, சாமி."

"சரி, நான் பார்த்துக்கறேன்" என்றார். தட்டில் இருந்ததை வேலைக்காரி உள்ளே கொண்டுபோனாள். சுப்பராயனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

இரண்டு நாள் கழித்து ஜெயவேல் வந்து, "மெட்ராஸ் கம்பெனியிலயே சேந்துட்டேன்" என்றான். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். கெங்கம்மா காளி கோயிலுக்குச் சூடம் கொளுத்த ஓடினாள். தான் வைத்த தட்டுதான் பலித்தது என்று சுப்பராயன் கப்பலடியில் சொல்லிச் சொல்லி மாய்ந்தான். கருணாகரன் மேஸ்திரி அவன் முதுகில் தட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மகன் பறப்பதைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டு, சுப்பராயன் பீச் ஸ்டேஷனில் ரயிலேறி மீனம்பாக்கம் போனான். வேலிக்கு அப்பால் இரண்டு இறக்கையிலும் மோட்டார் வைத்த விமானம் ஒன்று நின்றது. அதன் வயிற்றுக்கடியில் பெட்டிகள் குவிந்திருந்தன. வெள்ளைச் சட்டை போட்ட யாரோ ஒரு பையன் படியேறி முன்பக்கம் போனான். அது ஜெயவேல் இல்லை.

வேலியோரம் பீடி குடித்துக்கொண்டிருந்த கூலியாளிடம் கேட்டான். "அண்ணே, ஜெயவேலுன்னு ஒரு பைலட்டு…"

"யாரு, தாம்பாளமா? அதோ, மூட்டய எடை போட்டுகினு கீது பாரு."

ஜெயவேல்தான். எடைமேடைப் பக்கம் வெயிலில் குந்திக்கொண்டிருந்தான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"அது இன்னா பேரு, தாம்பாளம்?" என்று கேட்டான் சுப்பராயன்.

"அவுங்கப்பன் ஒரு புண்ணியவான் கீறான்பா! மேனேஜர் வூட்டுக்குத் தட்டு தூக்கிகினு போயி, எம்புள்ளைக்கு மூட்ட ஏத்துற வேல குடுன்னு அழுதானாம். அவுரும் சரின்னுட்டாரு. சீட்டு வேற ஆளுக்குப் பூட்ச்சு. ஆபீசுல அல்லாரும் இத்தச் சொல்லித்தான் சிரிக்கிறாங்க. படிச்ச புள்ள, பாவம். ஆமா, நீ யாரு?"

"வழிப்போக்கன்" என்றான் சுப்பராயன்.

மகன் தலை நிமிர்ந்தபோது, சுப்பராயன் அங்கே நின்றிருந்த ஒரு கட்டைவண்டிக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டான். ஆயிரம் பேர் எதிரில் மேஸ்திரியிடம் உதை வாங்கியிருக்கிறான்; அப்போதுகூட உடம்பு இப்படிக் கூசியதில்லை. விமானம் மேலே போன சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

சாயங்காலம் ஜெயவேல் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது சுப்பராயன் முற்றத்தில் போய் நின்றான்.

"கல்கத்தாவுக்குத் தந்தி அடிச்சிடு. இன்னும் டயம் கீதில்ல?"

ஜெயவேல் துண்டில் முகத்தைத் துடைத்தான். "யாரு சொன்னது, நைனா?"

"நானே போய்ப் பாத்தேன்."

"நீ வந்து கேட்டத எங்கிட்ட முன்னாடியே சொன்னாரு மேனேஜரு, மூட்ட வேலதான்னு. வேணாம்னு வந்திருப்பேன். அப்பால உன்னாலதான் சீட்டு பூட்ச்சுன்னு உனுக்குத் தெரிஞ்சிடுமேன்னுதான்… இன்னாத்துக்கு உன்ன நோவடிக்கணும்னு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். தனக்காகப் பிள்ளை வெயிலில் குந்தியிருக்கிறான் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அடுப்படியிலிருந்து கெங்கம்மா வந்துவிட்டாள். "இன்னா கல்கத்தா? யாரு எம்புள்ளயக் கெடுத்தது?"

"ஒண்ணுமில்லம்மா" என்றான் ஜெயவேல்.

"நாந்தான்" என்றான் சுப்பராயன். கீழ்ப்பாக்கத்தில் சொன்ன வார்த்தைகளை ஒன்று விடாமல் அவளிடம் திரும்பச் சொன்னான். மூட்டை என்ற வார்த்தை வந்த இடத்தில் மட்டும் நிறுத்தினான். அதையும் சொல்லி முடித்தான்.

கெங்கம்மா கத்தவில்லை. "நீ குனிஞ்சே, சோறு துன்னோம், ஒத்துக்கறேன். புள்ள முதுகையும் சேத்து எதுக்குய்யா வளைச்சே?" என்று கேட்டுவிட்டு மகனிடம் திரும்பினாள். "போடா. மலையா இருந்தா இன்னா, அங்க ஒருத்தனும் உன்னப் பாத்துச் சிரிக்க மாட்டான்."

செவ்வாய்க்கிழமை கல்கத்தா மெயில். பெட்டியைத் தூக்கிக்கொண்ட ஜெயவேல் வாசலில் நின்று கூப்பிட்டான்.

"நைனா, சென்ட்ரலுக்கு வர்லியா?"

கம்பெனி ஆட்கள் யாராவது அங்கே வந்திருந்தால்? 'இவர்தான் அந்த அப்பனா' என்று கேட்டுவிட்டால்?

"கப்பல் வந்துகீதுப்பா" என்றான் சுப்பராயன். அன்றைக்குத் துறைமுகத்தில் அவனுக்கு வேலையே இல்லை. ஜெயவேலுக்கும் அது தெரியும்.

"சரி நைனா" என்று சொல்லிவிட்டு அம்மாவோடு நடந்தான்.