பால்கனிக்குப் போகும் வழி

ஜெர்மனியின் ஓல்டன்பூர்க்கில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டில் நல்ல வெயில் விழுகிற அறை ஒன்றுதான். அது ஃபோல்கெர்ட்டின் வேலை அறை.

அதை அவன் பறித்துக்கொள்ளவில்லை. வரிச் சட்டம்தான் அவனுக்குக் கொடுத்தது. ஒருவருடைய வேலை முழுவதும் வீட்டு அறையிலேயே நடந்தால் அந்த அறையின் வாடகையை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். ஃபோல்கெர்ட் இயந்திரங்களுக்குக் கையேடு எழுதுகிறவன். வேலைக்கென்று படி இறங்குவதில்லை. அவன் மனைவி வீப்கே பள்ளிப் புத்தகங்களுக்குப் பிழை திருத்துபவள்; வாரத்தில் சில நாள் பதிப்பகத்துக்குப் போய்விடுவாள். ஆகவே அவளுக்குச் சமையலறை மேசையும், வீட்டில் வேலை செய்த நாளுக்கு இவ்வளவு என்று சட்டம் நாள் கணக்கில் தரும் ஒரு சிறு வரிக் கழிவும்.

அந்த அறையில் வேலையைத் தவிர வேறெதுவும் இருக்கக்கூடாது. சோபா கூடாது. இஸ்திரி மேசை கூடாது. வீட்டார் அதை நடைவழியாக்கக் கூடாது. பால்கனிக்கோ அந்த அறை வழியாகத்தான் போகமுடியும். அதனால் துவைத்த துணிகள் வீப்கேயின் தலைக்கு மேலேயே காய்ந்தன. ஈரச் சட்டைக்குக் கீழே உட்கார்ந்து அவள் கமாக்களைத் திருத்தினாள். மூடிய கதவுக்குப் பின்னால் அவன் தொலைபேசியில் சிரிப்பது கேட்டது. அவனுக்கு வேறொரு பெண் இருந்திருந்தால் அவளோடு சண்டை போட்டிருக்கலாம். கதவோடு என்ன சண்டை போடுவது?

அறையைப் பார்க்க ஆள் அனுப்புவதாக வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அன்று காலை ஃபோல்கெர்ட் அலமாரிகளைத் துடைத்தான். பிறகு கண்ணாடி போட்ட ஒரு புகைப்படத்தைக் கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்தான். நார்டர்னை தீவின் கடற்கரையில், தலைமுடி காற்றில் பறக்க, வீப்கே.

"இது எங்க இருந்துது?"

"என் மேசை மேலதான். சொந்த விஷயம் பாரு, அவங்க கண்ணுல படக்கூடாது."

வாசலில் நின்று பார்த்தபோதெல்லாம் அவளுக்கு அந்தப் படத்தின் முதுகுதான் தெரிந்திருக்கிறது. ஆக, அந்த வீப்கே இத்தனை நாள் வெயிலில் இருந்திருக்கிறாள். அவளுக்குத் தன் படத்தின் மீதே வயிறு எரிந்தது.

கீழே மணி அடித்தது. கதவு திறக்க அவன் இறங்கிப் போனான். வீப்கே கூடையைத் தூக்கிக்கொண்டு அவன் அறைக்குள் நுழைந்தாள். நேரே பால்கனிக்குப் போய்ப் போர்வை, துண்டு, உள்ளாடை எல்லாவற்றையும் கொடியில் போட்டாள்.

வந்த அதிகாரி திருமதி ட்யார்க்ஸ் தேநீர் வேண்டாமென்று சொல்லிவிட்டாள். அறையைச் சுற்றிப் பார்த்தவள், கண்ணாடிக் கதவருகே நின்றாள்.

"துணி யாரு காயப் போடறது?"

"நான்தாங்க," என்றாள் வீப்கே.

"இந்த வழியாவா?"

ஃபோல்கெர்ட் திரும்பிப் பார்த்தான். இன்றைக்கு மட்டும் என்று அவள் சொன்னால் போதும். அதுதான் உண்மை.

"வேற வழி ஏது? தினம் இப்படித்தான். நான் பாட்டுக்கு வருவேன், போவேன்."

அதிகாரி குறித்துக்கொண்டாள். "முடிவு கடிதத்துல வரும். ஆனா, தினம் நடக்கற இடம்னா வேலைக்கு மட்டுமான அறைன்னு ஏத்துக்கறது கஷ்டம். இவருக்கும் உங்கள மாதிரி நாள் கணக்குதான் கிடைக்கும்."

உங்கள மாதிரி. அந்தச் சொல் வீப்கேயின் நெஞ்சில் வெல்லமாய்க் கரைந்தது.

அதிகாரி போனபின் ஃபோல்கெர்ட் கண்ணாடிக் கதவருகே போய்க் கொடியில் கிடந்த துணிகளைப் பார்த்தான்.

"ஒரு நாள்கூட நீ இந்தப் பக்கம் வந்ததில்லையே," என்றான்.

"விட்டாத்தானே வர, மகராசா? குடி வந்த அன்னிக்கே கேட்டேன். சட்டம்னு சொன்ன."

"சட்டம்தானே?"

"அந்தக் கதவைச் சாத்தும்போது உன் மூஞ்சில ஒரு நிம்மதி வரும் பாரு. அதுவும் சட்டத்துலயே இருக்கா?"

அவன் கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் தொலைபேசியை எடுத்து ஒரு நண்பனை அழைத்தான்.

"ஹைக்கோ, துறைமுகத்துப் பக்கம் உங்க ஆபீஸ்ல ஒரு மேசை சும்மா கெடக்குன்னியே, இன்னும் இருக்கா? வெளிய வாடகைக்கு எடுத்தா யாரும் வந்து கேள்வி கேக்கமாட்டாங்க... இல்லப்பா, நல்லதாப் போச்சுன்னு வெச்சுக்கோ." கதவுக்கு அப்பாலிருந்து இதுவரை கேட்டுக்கொண்டிருந்த சிரிப்பை இன்று எதிரே நின்று பார்த்தாள்.

பேசி முடித்து அவள் பக்கம் திரும்பினான். "திங்கள்லேர்ந்து அங்க போறேன். இந்த அறைய நீ எடுத்துக்கோ. உனக்குத்தானே வேணும்?"

அவன் பொருள்களை அட்டைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினான். வீப்கே அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். வெயில் அவள் மடியில் விழுந்தது. பேனாக்களைச் செய்தித்தாளில் சுற்றும் அவன் கைகளில் ஓர் அவசரம் இருந்தது. ஊருக்குப் புறப்படுகிறவனின் அவசரம்.

"அங்க வேற யாரெல்லாம் உக்கார்றாங்க?" என்று கேட்டாள்.