கணவாய் பறித்துக்கொண்ட சிலுவை

அப்தோனுக்கு எழுபத்தோரு வயது. நாற்பது வருடம் கழுதை ஓட்டி, வெளிநாட்டுப் பயணிகளின் மூட்டைகளை அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க ஏற்றி இறக்கியவர். ஓய்வுக்குப் பிறகு அவர் சுமப்பது தன் வாயை மட்டும்தான், ஆனால் அதுவே இரண்டு கழுதைச் சுமை என்பாள் மனைவி பிரிஹிதா.

அந்த வாய்தான் இந்த நடையை இழுத்து வைத்தது. ஞானமகள் தெல்பினாவின் கல்யாணத்தில், ஆறாவது குவளை சோளக் கள்ளு உள்ளே போனதும், "நீ வீட்டைக் கட்டு தாயி. கூரைச் சிலுவைய மூணு ஏரியும் தாண்டி நடந்தே கொண்டாறேன். லாரியில ஏத்துனா என் பேரு அப்தோன் இல்ல" என்று சபை நடுவே சொல்லிவிட்டார். இரண்டு வருடத்தில் அவள் கட்டிவிட்டாள். வரும் சனிக்கிழமை கூரை மூடுகிறார்கள். ஞானத்தகப்பன் முகட்டில் சிலுவை நட்டால்தான் வீடு வீடாகும். அதுவரை ஒருவரும் உள்ளே படுக்கக் கூடாது. தெல்பினாவோ ஏழு மாத வயிற்றோடு மாமியார் கசிமிராவின் அடுக்களையில், கறிக்கு வளர்க்கும் முப்பது கினிப்பன்றிகளுக்கு நடுவே கால் நீட்ட இடமில்லாமல் முடங்கிக் கிடந்தாள்.

"சனிக்கிழமைக்கு மேல ஒரு ராத்திரி கூட என்னால ஆகாது, தாய்தா," என்று போனில் அழுதிருந்தாள். அந்த மலையில் பெரியவர்களைத் தாய்தா என்றுதான் கூப்பிடுவார்கள்.

புதன்கிழமை விடிந்ததும் அப்தோன், பிரிஹிதா, கழுதை மூவரும் கிளம்பினார்கள். கழுதையின் பெயர் மேயர். எவ்வளவு கெஞ்சினாலும் அசையாததால் ஊரார் வைத்த பெயர். கூடாரமும் உருளைக்கிழங்கும் மேயர் முதுகில், சிலுவை அப்தோன் தோளில். பன்னிரண்டு கிலோ இரும்பு. முதல் ஊரில் அதை இருபது என்றார். அடுத்த ஊரில் நாற்பது.

"அடுத்த ஊருல கோயில் மணியையும் சேத்துச் சொல்லிரு," என்றாள் பிரிஹிதா.

"மணி வேற, கிழவி. அதைப் போன வருசம் தூக்குனேன்."

யூகலிப்டஸ் வாசனை தீர்ந்து, கல்வேலிகள் தீர்ந்து, கடைசி ஊரும் பின்னால் போனது. அங்கே ஒருத்தி சுடச்சுட அவித்த கிழங்கும் பாலாடைக்கட்டியும் கொடுத்து, பதிலுக்கு அப்தோனின் கதைகளை இரண்டு மணி நேரம் கேட்டாள். யாருக்கு லாபம் என்பதில் கணவன் மனைவிக்குள் கருத்து வேற்றுமை உண்டு. முதல் ஏரி அசையாமல் கிடந்த கிடப்பில், பறந்து வந்த வாத்து ஒன்று அதை வானமென்று நினைத்து இறங்க மறந்து போனதாம். இரண்டாவது ஏரியில் மீன்கள் கொழுத்துப் போய், தூண்டிலுக்கு வரச் சோம்பல்பட்டன. அப்தோன் தொப்பியாலேயே அள்ளினார். பிரிஹிதாவின் கணக்கில் அது ஒரே ஒரு மீன், அதுவும் தானாகச் செத்து மிதந்தது. எப்படியோ, வறுத்துத் தின்று, பனிமலை ரோஜா நிறமாக மாறுவதைப் பார்த்தபடி இருவரும் ஒரே போர்வைக்குள் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை, மூன்றாவது ஏரிக்கு மேலே கணவாய். ஏறி வருகிறவர்கள் ஆளுக்கொரு கல்லாகப் போட்டு ஆளுயரக் குவியலாகிவிட்ட இடம். அப்தோனும் ஒரு கல் போட்டார். தோள் கழன்றுவிடும் போலிருந்ததால் சிலுவையைக் குவியலில் செருகி நிறுத்தினார். அந்த நேரம் பார்த்து மேயருக்குக் கீழே ஏரிக்கரைப் புல் ஞாபகம் வந்துவிட்டது. மூன்று நாளில் முதன்முறையாகக் கழுதை ஓடியது. பின்னால் இவர்கள் இருவரும்.

பிடித்து இழுத்துக்கொண்டு திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கணவாயில் ஆடு மேய்க்கும் பெண்கள் மூன்று பேர் மண்டியிட்டிருந்தார்கள். சிலுவையின் அடியில் இடுப்பு உயரத்துக்குக் கல் அடுக்கியிருந்தது. சிலுவையின் கைகளில் சிவப்புக் கம்பளி நூல், உச்சியில் காட்டுப்பூ, சுற்றிலும் மலைக்குப் படைக்கும் கோக்கா இலை, ஈரம் காயாத சோளக் கள்ளு.

மூத்தவள் எழுந்தாள். பெயர் செனோபியா. "இதை நட்ட புண்ணியவான் நீங்களா, தாய்தா? பழைய சிலுவைய இடி தின்னு பதினோரு வருசம். புதுசு ஒண்ணுக்கு எத்தனை பேருகிட்ட கேட்டோம் தெரியுமா?"

"நடல தாயி. சாத்தி வெச்சேன். கழுதை பிடிக்கப் போனேன்."

"சாத்தி வெச்சதா? எங்க கல்லு, எங்க கும்பிடு எல்லாம் வாங்கிக்கிச்சே."

அப்தோன் சிலுவையில் கை வைத்தார். பிரிஹிதா சட்டையைப் பிடித்து இழுத்தாள். "குவியல்ல இருந்து ஒரு கல்ல எடுத்தவனுக்கு ஏழு வருசம் வயிறு நிக்காமப் போச்சுன்னு ஊர் ஊரா சொன்னது யாரு?"

"அது நான் கட்டுன கதைடி."

"கட்டுனது நீ. நம்புறது நாங்க எல்லாரும்."

செனோபியாதான் வழி சொன்னாள், மலையையே கேட்டுவிடலாம் என்று. கோக்கா இலைகளைத் துணியில் உதிர்த்தாள். பச்சைப் பக்கம் மேலே விழுந்தால் எடுத்துக்கொள்ளலாம். அத்தனையும் வெளுத்த பக்கம் காட்டின. அப்தோன் இன்னொரு தடவை கேட்டார். இந்த முறை காற்று துணியோடு இலைகளை அள்ளி ஏரிக்குக் கொண்டு போயிற்று.

"ஒரே கேள்விய ரெண்டாந்தரம் கேட்டா மலைக்குப் பிடிக்காது," என்றாள் செனோபியா, மரியாதையாகவே.

சனிக்கிழமை நண்பகல் வெறும் தோளோடு தெல்பினாவின் ஊருக்குள் நுழைந்தார்கள். புது வீட்டின் கூரை ஓடுகள் மின்ன, முகட்டு நடுவில் சிலுவைக்கு விட்ட ஓட்டை வாய் பிளந்து நின்றது. வாத்தியக்காரர்கள் ஊதத் தயாராக இருந்தார்கள். அப்தோன் நடந்ததைச் சொன்னார். வாழ்நாளில் முதன்முறையாக ஒரு கல், ஒரு கிலோ கூடக் கூட்டாமல் சொன்னார்.

ஒருவரும் நம்பவில்லை.

"மறந்துட்டு வந்துட்டேன்னு ஒரே வார்த்தையில சொல்லிருக்கலாம்," என்றாள் கசிமிரா. "கழுதை ஓடுச்சாம், மலை பிடுங்கிக்கிச்சாம்."

"நான் பாத்தேனே," என்றாள் பிரிஹிதா.

"நாப்பது வருசமா கூடப் படுத்தவ சாட்சியெல்லாம் சாட்சியா? சிலுவை இல்லாத கூரைக்குக் கீழ என் பேரப்பிள்ள பொறக்காது. வேற சிலுவை அடிச்சு அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

தெல்பினா அழவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூரையை ஒரு முறை, கணவாய் இருக்கும் திசையை ஒரு முறை பார்த்தாள். அங்கே மேகம் மட்டும்தான் தெரிந்தது.

"இந்தப் பக்கமா முகம் பாத்து நிக்குதா, தாய்தா?"

"உங்க ஊரைப் பாத்துதான் தாயி."

"அப்ப மேல ஏறுங்க."

அப்தோன் ஏணியில் ஏறி முகட்டில் உட்கார்ந்தார். ஊர் கீழே உட்கார்ந்தது. ஒரு மணி, இரண்டு மணி. கசிமிரா கினிப்பன்றிகளுக்குப் புல் போட்டுவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். மேகம் விலகுவதாகக் காட்டி விலகாமல், கண்ணாமூச்சி ஆடியது. நான்கு மணிக்கு மேற்கே சாய்ந்த வெயில் மலையில் விழ, மேகம் கிழிந்தது. கணவாயின் உச்சியில் ஒரு புள்ளி ஊசிமுனை போல மின்னியது.

"அதோ," என்றார் அப்தோன். அதற்கு மேல் அவருக்கு வார்த்தை வரவில்லை, அதையே ஊர் பெரிய அதிசயமாகப் பேசியது.

கசிமிரா நம்பாமல் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். கண்ணுக்கு மேல் கையை வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"தெரியுதா அத்தே?" என்று கீழேயிருந்து கேட்டாள் தெல்பினா. "எல்லார் வீட்டுச் சிலுவையும் கூரை மேல இருக்கு. நம்ம வீட்டுது கொஞ்சம் உசரத்துல இருக்கு. கூரை முகட்டுக்கு நேரா இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

கசிமிரா முகட்டையும் மலையையும் மாறி மாறி அளந்தாள். "நேராத்தான் இருக்கு," என்றாள் கடைசியில். "திமிரு பிடிச்ச வீடு."

வாத்தியம் கிளம்பியது. சோளக் கள்ளு நுரைத்தது. தெல்பினா எதற்கும் நிற்கவில்லை. ஆட்டுத்தோலைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு புது வீட்டுக்குள் போனாள். அறையின் நட்டநடுவில் விரித்து, இரண்டு காலையும் சுவர் வரைக்கும் நீட்டி, முதல் பாட்டு முடிவதற்குள் தூங்கிப் போனாள்.

கசிமிரா வாசலை மறித்து நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். "டேய், டிரம்பெட்டு," என்றாள் தணிந்த குரலில். "அந்தப் பக்கமாத் திரும்பி ஊது. புள்ள தூங்குது."