பதினோராம் நம்பர்

அப்பாவின் படத்தை மேசைமேல் வைத்துவிட்டு, "வரி எதுவும் வேண்டாம் சார். பேரு, வயசு, எடுக்கிற நேரம், அது போதும்" என்றாள் மகள்.

அச்சக முதலாளி படத்தையே பார்த்தார். முப்பது வருஷமாக எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, ஊரில் யார் செத்தாலும் அஞ்சலி நோட்டீசுக்கு இரண்டு வரி எழுதித் தந்த மனிதர். இன்று விடியற்காலையில் போய்விட்டார். அவருக்கே வரி வேண்டாமாம்.

எழுதியதில் நல்லவற்றை நம்பர் போட்டு ஒரு ஃபைலில் கோத்து வைத்திருந்தார் அப்பா. அழுதுகொண்டு வருகிறவர்களுக்கு யோசிக்கத் தெம்பு இருக்காது. புரட்டிப் பார்த்து விரலை வைத்துக் காட்டினால் போதும். இப்போதும் பெஞ்சில் ஒருவர், தாயைப் பறிகொடுத்தவர், அதைத்தான் புரட்டிக்கொண்டிருந்தார்.

அந்த ஃபைல்தான் வினை. ஆறு வருஷத்துக்கு முன் அம்மா இறந்தபோது நோட்டீசைப் படித்துவிட்டு மகள் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

நீ வைத்த இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது.
எதைத் தேடுகிறேன் என்பதுதான் தெரியவில்லை.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பஸ் நிறுத்தச் சுவரில், யாரோ ஒரு பெண்ணின் படத்துக்குக் கீழே அதே வரிகள். அச்சகத்துக்கு ஓடிவந்து ஃபைலைப் புரட்டினாள். பதினோராம் நம்பர். அன்றைக்கு அப்பாவை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள்.

"ஊருக்கெல்லாம் உக்காந்து எழுதின. அம்மாவுக்கு மட்டும் ரெடிமேடா?"

அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எழுத்தில் கரைகண்டவருக்குப் பேச வாய் வராது. அதன்பிறகு அவள் அவருக்கு முகம் கொடுக்கவே இல்லை. மாத்திரை வாங்கித் தருவதுகூடத் தம்பி மூலம்தான்.

"உங்கம்மா போன அன்னிக்கு ஃபைல்ல பத்து வரைக்கும்தான் இருந்துச்சும்மா" என்றார் முதலாளி.

அவளுக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். அன்று காலை முழுக்க அப்பா எழுதி எழுதிக் கிழித்தாராம். கடைசியில் அந்த இரண்டு வரி. பத்து நாள் கழித்து ஒருவன் சுவரிலிருந்து அம்மாவின் நோட்டீசைக் கிழித்து எடுத்துக்கொண்டு வந்தான். பிரசவத்தில் மனைவி போய்விட்டாள். எனக்கும் இதேதான் வேண்டும் என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. வேறு எழுதித் தருகிறேன் என்று அப்பா கெஞ்சிப் பார்த்தார். பிறகு கொடுத்துவிட்டார். கொடுத்த கையோடு அவரே அதை ஃபைலில் கோத்தார், இனி யார் கேட்டாலும் இல்லையென்று சொல்லவேண்டாம் என்று.

"ஏன் சார் எங்கிட்ட சொல்லல?"

"நான் சொல்றேன்னேன். வேண்டாம்னுட்டாரு. அவ கோபத்துலயும் நியாயம் இருக்குன்னாரு."

அம்மா போனபின் அப்பா வீட்டு அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து திறந்து மூடியது நினைவுக்கு வந்தது. வயசாகிவிட்டது என்று எரிச்சல்பட்டிருந்தாள். ஆறு வருஷம். இனி யாரிடம் போய்ச் சொல்வது?

"சார், எங்கம்மாவுக்கு இது" என்றார் பெஞ்சில் இருந்தவர். அவர் விரல் பதினொன்றில் இருந்தது.

முதலாளி தயங்கினார். "வேற ஏதாவது பாருங்களேன்..."

"போடுங்க சார்" என்றாள் மகள். "நல்ல வரிதான்."

முதலாளி நம்பரைக் குறித்துக்கொண்டு அவளிடம் கேட்டார், "அப்பாவுக்கு?"

எழுதிப் பார்க்கிறேன் என்று சொல்லிக் கைப்பையைத் திறந்தாள். பேனா வைத்த இடத்தில்தான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுப் பையை மூடினாள். மறுபடி திறந்தாள்.