ஒருவர் குறைவாகத் திரும்பிய பஸ்

பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கால்பந்து அணிக்கு ஐம்பது வயது ஆனபோது, அதன் வரலாற்றை எழுதும் வேலை புள்ளியியல் ஆசிரியையின் தலையில் விழுந்தது. கால்பந்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் பந்து உருண்டையாக இருக்கும் என்பதுதான். அதைச் சொல்லியும் பதிவாளர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

"நீங்க நம்பர்ல கெட்டிக்காரங்க. எத்தனை மேட்ச், எத்தனை கோல், எத்தனை கோப்பை, அவ்வளவுதானே? பொன்விழா மலர்ல இருபது பக்கம் ஒதுக்கியிருக்கேன். ரெண்டு மாசத்துல முடிச்சுடுங்க."

கோப்பைகளை எண்ணி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஐம்பது வருஷத்தில் இரண்டு. மீதிப் பத்தொன்பதரைப் பக்கத்துக்கு என்ன செய்வது என்று அவருக்குப் புரியவில்லை.

உடற்கல்வித் துறையின் சாமான் அறையில் பழைய கோப்புகள் இருந்தன. கூரை ஒழுகி, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல் மாதிரி இறுகிப் போயிருந்தன. பிரிக்கப் பார்த்தால் எழுத்தெல்லாம் விரலோடு வந்தது. பத்திரிகைத் துணுக்குகள் கொஞ்சம் தப்பியிருந்தன. ஆனால் எல்லாமே ஜெயித்த மேட்ச்கள். தோற்றதை யார் மெனக்கெட்டு வெட்டி ஒட்டுவார்கள்? வேலைக்கு வந்து மூன்றே வருஷமான உடற்கல்வி இயக்குநர் கையை விரித்தார்.

"பஸ் ஷெட்டுல கேட்டுப் பாருங்க மேடம். நம்ம டிரைவர் எதையும் தூக்கிப் போட மாட்டார்."

டிரைவர் இருபத்தாறு வருஷமாக அணியை வெளியூர் மேட்ச்களுக்கு அழைத்துப் போகிறவர். கட்டையான உடம்பு, கயிறு கட்டித் தொங்கவிட்ட கண்ணாடி. ஷெட்டின் இரும்பு அலமாரியைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு பயணத்தின் டிரிப் ஷீட்டும் வருஷ வாரியாக நூல் போட்டுக் கட்டியிருந்தது. தேதி, ஊர், கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், கிலோமீட்டர், போகும்போது எத்தனை பேர், வரும்போது எத்தனை பேர்.

"இதுல ஸ்கோர் இல்லையே அண்ணே."

"ஏன் இல்ல? ஆறு மணிக்குத் திரும்பியிருந்தா தோல்வி. எட்டுன்னா ஜெயிச்சிருக்காங்கன்னு அர்த்தம். ஜெயிச்சா வழியில ரெண்டு எடத்துல நிறுத்தச் சொல்லுவானுங்க. தோத்தா ஒருத்தன் வாயைத் திறக்க மாட்டான், நேரா வந்து சேர வேண்டியதுதான்."

"டிரா ஆனா?"

"ஒரு எடத்துல நிறுத்துவேன்."

ஆசிரியை சிரித்துவிட்டார். ஆனாலும் பழக்கதோஷம் விடவில்லை. பத்திரிகையில் முடிவு வந்திருந்த பதினொரு மேட்ச்களை எடுத்து டிரிப் ஷீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பத்து பொருந்தியது. பதினொன்றாவதில் தோற்றும் தாமதமாகத் திரும்பியிருந்தார்கள். டிரைவர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்து, "பஞ்சர்," என்றார்.

அன்றிலிருந்து தினமும் வகுப்பு முடிந்ததும் ஆசிரியை ஷெட்டுக்குப் போய்விடுவார். டீசல் வாடைக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். டிரைவர் பஸ்ஸைத் துடைத்துக்கொண்டே ஒவ்வொரு வருஷத்து அணியைப் பற்றியும் சொல்வார். எந்தக் கேப்டனுக்கு மலைப்பாதையில் வாந்தி வரும், எந்தக் கோல்கீப்பர் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுவான் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய டிரிப் ஷீட் கட்டில் ஒரு தாளைப் பார்த்து ஆசிரியை நிறுத்தினார்.

"அண்ணே, இது தப்பா எழுதியிருக்கீங்களா? போகும்போது பதினெட்டு, வரும்போது பதினேழு. கூடவே ஆறு கிலோமீட்டர் அதிகமா காட்டுது."

பஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவரின் கை அப்படியே நின்றது.

"தப்பு இல்ல. எண்ணிக்கை சரிதான். அதுக்கப்புறம் நான் எழுதிக் குடுத்ததுதான் தப்பு," என்றார்.

துணியை உதறிக் காயப்போட்டுவிட்டு, பஸ் படியில் வந்து உட்கார்ந்தார்.

அந்த வருஷ அணியில் வலது பக்கத் தடுப்பாட்டக்காரனுக்குக் 'கதவு' என்று பெயர். யாரையும் உள்ளே விடமாட்டான் என்று வைத்த பெயர்தான். சில நாள் திறந்து கிடக்கும் என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள். லீக்கின் கடைசி ஆட்டம், எதிர் ஊர் மைதானம். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் முன்வரிசைக்காரன் ஒருவன் ஆடுகளத்தில் இருப்பதே தெரியாது, சட்டென்று பாய்வான். அவனைக் 'கரண்ட்' என்பார்கள். இடைவேளைக்குப் பிறகு கரண்ட் பந்தோடு பாய்ந்தான், கதவு சறுக்கித் தடுத்தான். பந்துக்குப் பதில் கால் கிடைத்தது.

"மைதானத்துக்கு வெளிய பஸ்ல உக்காந்திருந்தேன் மேடம். எலும்பு முறிஞ்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு."

ஆட்டம் முடிந்து எல்லோரும் ஏறிய பிறகுதான், கரண்டை ஏற்றிப் போன ஆம்புலன்ஸிலேயே கதவும் போய்விட்டது தெரிந்தது. பயிற்சியாளர், "தானா வந்து சேரட்டும், வண்டியை எடு," என்றார். டிரைவர் எடுத்தார், ஆனால் ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினார். வாசலில் கதவு ஜெர்சியோடு, வெறுங்காலோடு நின்றான். பூட்ஸ் கையில் இருந்தது. டிரைவர் தன் மாற்றுச் சட்டையைக் கொடுத்தார்.

"நீங்க போங்க அண்ணே. அவனுக்கு ஊர்ல இருந்து ஆள் வர நாலு நாள் ஆகுமாம். நான் இருந்துட்டு வர்றேன்."

அவன் வரவே இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டதாகப் பயிற்சியாளர் எழுதினார். ஒழுங்கு நடவடிக்கை என்று பல்கலைக்கழகத்திலிருந்தே பெயரை நீக்கினார்கள். டிரைவருக்கு ஆறு கிலோமீட்டருக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது.

"அப்ப நான் தற்காலிக ஊழியன். கொழந்தைக்கு எட்டு மாசம். வழி தவறிட்டேன்னு எழுதிக் குடுத்துட்டேன். பையன் ஆஸ்பத்திரியில இருந்தான்னு சொல்ல என்னை விட்டா ஆள் இல்ல. மத்தவனுங்க எல்லாம் பயிற்சியாளருக்குப் பயந்தவனுங்க. நானும் பயந்துட்டேன்."

"அப்புறம் அவரைப் பார்த்தீங்களா?"

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பார்க்கிறது?"

மறுநாள் ஆசிரியை அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு ஃபோன் போட்டார். பழைய மாணவர் ஒருவரைத் தேடுவதாகச் சொல்லி, கரண்ட் என்ற பட்டப்பெயரைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். எழுத்தர் உடனே, "டயர் கடை வெச்சிருக்காரே, அவரா? அவரைப் பிடிக்கணும்னா எங்க ஃபிசியோதெரபி ரூமுக்கு வாங்க. தினமும் அங்க வந்துதான் வம்பு வளர்ப்பார்," என்றார்.

சனிக்கிழமை இருவரும் கிளம்பினார்கள். சாதாரண பஸ்ஸில் பயணியாக உட்கார்ந்த டிரைவர் வழி முழுக்க இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரி இருந்த தெரு வந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஃபிசியோதெரபி அறையில் நாலு கட்டில்கள், சுவரோரம் ஒரு நடைக்கம்பி, மருந்தெண்ணெய் வாசனை. நரை விழுந்த, அகலமான ஒரு மனிதர் ஒரு மாணவியின் முழங்காலை மெதுவாக மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த இன்னொருவர், "கொஞ்சம் மெதுவா பண்ணுடா, அது கால், கதவு இல்ல," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அகலமான மனிதர் நிமிர்ந்தார். டிரைவரை இரண்டு விநாடி உற்றுப் பார்த்தார்.

"அண்ணே, உங்க சட்டையைத் திருப்பிக் குடுக்கவே இல்லையே நான்," என்றார்.

ஆசிரியைதான் வந்த விஷயத்தைச் சொன்னார். மாணவியை அனுப்பிவிட்டு நால்வரும் உட்கார்ந்தார்கள்.

நாலாம் நாள் கரண்டின் அம்மா வந்ததும் கதவு கிளம்பத்தான் இருந்தாராம். விடாதவர் கரண்ட்.

"என் காலை உடைச்சவன் நீ, நடக்க வைக்காம எங்கடா போறேன்னு கேட்டேன். கோவத்துலதான் கேட்டேன். இவன் அதை அப்படியே எடுத்துக்கிட்டான். ஏழு மாசம் தோள் குடுத்து நடக்க வெச்சான். எனக்கே போரடிச்சுப் போச்சு."

பெயரை நீக்கிய கடிதம் அந்த ஏழு மாதத்துக்கு நடுவே வந்தது. வார்டில் தினமும் இருப்பவன் என்று ஆஸ்பத்திரியிலேயே உதவியாளர் வேலை கொடுத்தார்கள். அங்கேயே டிப்ளமா படித்து இந்த அறைக்கு வந்து சேர்ந்தார். கரண்டால் மறுபடி ஆட முடியவில்லை. இன்றும் இடது காலை லேசாகத் தாங்கித்தான் நடக்கிறார்.

அப்போது டிரைவர், மெமோவுக்குத் தான் எழுதிக் கொடுத்ததை, ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னார்.

கதவு எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"அப்ப தெரிஞ்சிருந்தா உங்க மேல கோவம் வந்திருக்கும் அண்ணே. கடிதத்தைப் பார்த்து நாலு நாள் சாப்பிடல நான். ஆனா நீங்க உண்மையை எழுதியிருந்தாலும் நான் திரும்பி வந்திருப்பேனான்னு இன்னிக்கும் தெரியல." பிறகு, "ஆஸ்பத்திரி வாசல்ல இறங்கி வந்தது நீங்க ஒருத்தர்தான்," என்றார்.

ஆசிரியை திரும்பி வந்து ஆறு பக்கம் எழுதினார். பதிவாளர் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இது விழா மலர். நம்மளை நாமே குத்திக்காட்டணுமா?"

"கோப்பை வாங்கினவங்களைப் பத்தி ரெண்டு பக்கம் இருக்கு சார். இவரும் நம்ம அணிதான்."

பதிவாளர் பெல்லை அழுத்தி, அந்த வருஷத்து ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பைக் கொண்டுவரச் சொன்னார். அது மட்டும் ஒழுகாத அறையில் பத்திரமாக இருந்தது. படித்தார். விதிப்புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். எதுவும் விதிப்படி நடக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது என்பது ஊரறிந்தது.

"விசாரணையே வைக்காம பேரை நீக்கியிருக்காங்க. இது செல்லாது," என்றார். "படிப்பை விட்டவங்க இருபது வருஷத்துக்குள்ள மிச்சப் பரீட்சையை எழுதலாம்னு விதி இருக்கு. பத்தொன்பது ஆயிடுச்சு. அவரைச் சீக்கிரம் விண்ணப்பம் போடச் சொல்லுங்க. டிரைவர்கிட்ட நடந்ததை எழுதி வாங்குங்க."

டிரைவர் அன்றே எழுதிக் கொடுத்தார். அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒன்றரைப் பக்கம்.

கதவு முதலில் தயங்கினார். இந்த வயதில் பட்டம் எதற்கு என்றார். அவருடைய மகள், "ஏம்பா, என்னை மட்டும் படி படின்னு உயிரை எடுக்கறே," என்று கேட்ட பிறகு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். ஐந்து தாள்கள் பாக்கி. தன்னில் பாதி வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதினார். பரீட்சை நாளெல்லாம் கரண்ட் கடையை மூடிவிட்டு வந்து, மண்டப வாசலில் நின்று, உள்ளே போகிறவர்களிடமெல்லாம் பேனா இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

மூன்று தாள்களில் தேர்ச்சி. இரண்டை மறுபடி எழுத வேண்டும்.

பொன்விழா ஆட்டத்துக்கு அந்த ஊர்ப் பல்கலைக்கழக அணியைத்தான் கூப்பிட்டார்கள். இரண்டு அணிக்கும் சேர்த்து ஒரே ஃபிசியோவாகக் கதவு வந்திருந்தார். கோட்டோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் ஆட்டத்தை விட்டுவிட்டு, மடியில் இருந்த பாடப்புத்தகத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். முப்பதாவது நிமிஷத்தில் ஒரு பையன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். கதவு புத்தகத்தை ஆசிரியையின் கையில் திணித்துவிட்டுப் பையோடு ஓடினார். அவருக்குப் பின்னால் கரண்டும் தாங்கித் தாங்கி ஓடினார், எந்தப் பக்கம் கட்டுப் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே.